பாறசாலையில் ஒரு பழைய வீடு

நெய்யாற்றின்கரையில் வெளியூர்க்காரர் தங்கிய இடங்களில் மிகவும் பழையது எது என்று கேட்டால், ஒரு பலாமரம் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோவில் வளாகத்துக்குள் அதன் அடிமரம் இன்றும் நிற்கிறது. அம்மச்சிப் பிலாவு என்று பெயர். எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தி வந்தபோது இளவரசர் மார்த்தாண்டவர்மா இந்த மரப்பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஊர் வழக்கு. 1729-இல் அவர் அரசரானார். பின்னர் நன்றிக்கடனாக இந்தக் கோவிலைக் கட்டினார் என்கிறார்கள். மரம் பட்டுப்போய்ப் பல காலம் ஆகிவிட்டது. அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பொந்தை எட்டிப் பார்த்த என் மனைவி, "ராஜாவுக்கே இவ்வளவு இடம்தானா!" என்றாள்.

நாங்கள் தங்கியது பலாமரப் பொந்தில் அல்ல, பலாமரத்தில் கதவும் ஜன்னலும் செய்த ஒரு வீட்டில். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம் சங்கத்து அன்பர்கள் விடுமுறைக்குத் தெற்கே போனால் கோவளம், கன்னியாகுமரி, பத்மநாபபுரம் அரண்மனை என்று மூன்று இடம் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். நடுவில் உள்ள நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை எல்லாம் ரயில் ஜன்னலில் ஓடி மறையும் பெயர்ப்பலகைகளே. நானும் பல தடவை அப்படித்தான் போயிருக்கிறேன். சென்ற தை மாதம் நான்கு இரவுகள் அங்கே தங்கினோம்.

முதலில் அந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்தவனுக்கு வீட்டுக்கு முன்னால் வழிதான் கண்ணில் படும்.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை 87 கி.மீ. நடந்து போனவர்களுக்காக அந்தக் காலத்தில் வழியம்பலங்கள் கட்டி வைத்திருந்தார்கள். கருங்கல் தூண்கள், மேலே கற்பலகைக் கூரை, சுவர் கிடையாது. பக்கத்தில் கிணறு அல்லது கல்தொட்டி, கோடையில் மோரும் தண்ணீரும் தர ஒரு பந்தல், அப்புறம் சுமைதாங்கி. இந்தச் சுமைதாங்கியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் என்னால் போக முடியாது. இரண்டு நட்டகல், அவற்றின்மேல் குறுக்காக ஒரு கல், ஆள் தலை உயரத்துக்கு. தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், சுமையை அப்படியே நகர்த்தி வைக்கலாம். ஓய்வெடுத்தபின் அப்படியே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். உயரக் கணக்கு ஒரு சாண் தவறினாலும் அது பயன்படாது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இதை நடுவது நம் ஊர்களிலும் உண்டு. என் சொந்த ஊரான செங்கோட்டைப் பக்கமும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்த அறச்சாலைகளை நினைத்து நாம் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்வதற்கும் இல்லை. திருவிதாங்கூர் அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் இலவசச் சாப்பாடு பிராமணர்களுக்கு. தாழ்த்தப்பட்ட சாதியார் பல பொது வழிகளில் நடக்கவே முடியாது. அப்புறம் எங்கே தங்குவது? இந்தத் தென் திருவிதாங்கூரில்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடி, 1859-இல் அரசுப் பிரகடனம் பெற்றார்கள். நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புரத்தில் 1888-இல் ஸ்ரீநாராயண குரு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தார். வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்க 1924-25-இல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது 12-11-1936-இல். சுமைதாங்கி சுமப்பவரின் வேலையைக் குறைத்தது உண்மை. அவர் ராத்தங்க எங்கே போனார் என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை.

மேல்நிலையில் இருந்தவர்கள் தெரிந்தவர் வீட்டில் தங்கினார்கள். சுவாமி விவேகானந்தர் 1892 டிசம்பரில் திருவனந்தபுரம் வந்தபோது, இளவரசருக்கு ஆசிரியராக இருந்த சுந்தரராம ஐயரின் வீட்டில் ஒன்பது நாள் தங்கினார். அங்கிருந்துதான் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டார். ஆக, தமிழர் வீட்டு விருந்தினராக இருந்துவிட்டுக் குமரிக்குப் போவது புதிய வழக்கம் இல்லை!

போக்குவரத்து வசதிகள் மெதுவாகத்தான் வந்தன. 1860-இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் குமரி வரை போய்ச் சேரவே இல்லை. பூவாறு, கொல்லங்கோடு பக்கம் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம். ரயில் 1918-இல் திருவனந்தபுரம் சாக்கைக்கும், 1931-இல் தம்பானூருக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. 1938-இல் அரசு பஸ் ஓடத் தொடங்கியது. சர் சி.பி. ராமசுவாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் குமரிச் சாலைக்குச் சிமென்ட் காங்கிரீட் போட்டார்கள். (இப்போது கழக்கூட்டம்-காரோடு புறவழிச் சாலையில் முக்கோலைக்குத் தெற்கே 16 கி.மீ. காங்கிரீட் போட்டிருக்கிறார்கள். பழைய வழக்கம் திரும்பி வந்திருக்கிறது!) தம்பானூரில் நின்ற ரயில் தெற்கே நகர 48 ஆண்டுகள் ஆயின. 1979 ஏப்ரலில் திருவனந்தபுரம்-கன்னியாகுமரி அகலப்பாதை திறந்தபோது நான் பாலிடெக்னிக் மாணவன். மேடும் பள்ளமுமான பூமி அது. வெட்டிய இடத்து மண்ணைப் பள்ளத்தில் கொட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். பாறசாலை தாண்டியதும் தமிழ்நாடு. அடுத்த நிலையம் குழித்துறை மேற்கு. ஆனால் ரயில்வேக்கு அந்த எல்லை கிடையாது. அதே ஆண்டு அக்டோபர் 2-இல் உருவான திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் சேர்ந்தன.

இனி வீட்டுக்கு வருவோம்.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரைச் சார் என்பேன், அவர் என்னைச் சாரே என்பார். நான்கு நாளும் இப்படியே போயிற்று. அவர் மனைவி என்னை அண்ணாச்சி என்றார். வாசலில் இறங்கியதும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "வண்டி எப்பம் எத்திச்சு?" எத்துவது என்றால் வந்து சேர்வது. அடுத்தது, "வெள்ளம் குடிக்கியளா?" நமக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. அங்கே செம்பில் ஊற்றித் தருவது. சீரகம் போட்டுக் காய்ச்சிய வெள்ளம்.

தலைவாசல் உத்தரத்தில் 'கொல்லம் ௧௧௦௭' என்று செதுக்கியிருக்கிறது. கொல்லம் ஆண்டு 1107 என்றால் கி.பி. 1931-32. எண்கள் தமிழ் எண்கள். வீட்டுக்காரரின் தாத்தா கட்டியது. வெட்டுகல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. நடுவில் நெல் வைக்கும் மர அறை, அதைச் சுற்றி மற்ற அறைகள். மேலே பலகைத் தட்டு. கதவு, ஜன்னல், அறையின் பலகை எல்லாம் பிலா. உத்தரமும் கழுக்கோலும் அயனி. விரலால் தட்டிப் பார்த்தேன். மேற்கு மூலையில் ஒரு கழுக்கோல் மட்டும் பொத்தென்று சத்தம் கொடுத்தது, கரையான். மற்றவை மணி மாதிரி. தரை கறுப்பு, சுண்ணாம்பும் தேங்காய்த் தொட்டிக் கரியும் சேர்த்து இழைத்தது, தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் முகம் தெரிகிறது. கொல்லைப்புறத்தில் அடுக்கியிருந்த பழைய ஓடுகளில் ஒன்றைப் புரட்டினால் கொல்லத்து ஓட்டுக் கம்பெனியின் முத்திரை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீடு கட்டிய அந்தக் கொல்லம் ஆண்டில்தான் தம்பானூருக்கு ரயில் வந்தது. ஓடு ரயிலில் வந்து, பிறகு முப்பது கி.மீ. மாட்டு வண்டியில் வந்திருக்க வேண்டும். சொன்னதும் வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எங்க அப்பா வண்டிக்காரனுக்குக் கொடுத்த கணக்கு நோட்டு இருக்கு சாரே" என்று பரண்மேல் ஏறப் போனார். அந்த அம்மா தடுத்துவிட்டார்.

விருந்தினருக்கு விடுவது இரண்டு அறை. கட்டில், மின்விசிறி, கொசுவலை. குளியலறை புதிதாகச் சேர்த்தது. அதன் தளச்சரிவு மட்டும் சரியில்லை, தண்ணீர் வாசல் பக்கம் தேங்குகிறது. சொன்னேன். அடுத்த மழைக்கு முன் மாற்றுவதாகச் சொன்னார். இருவருக்கு ஓர் இரவுக்கு ரூ. 1,800, காலைச் சாப்பாடு சேர்த்து. லண்டனில் பிள்ளைகளைப் பார்க்கப் போன அன்பர்களுக்கு 'பெட் அண்டு பிரேக்பாஸ்ட்' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நம் மத்திய சுற்றுலா அமைச்சகமும் அதே பெயரில் ஒரு திட்டம் வைத்திருக்கிறது: ஒன்று முதல் ஆறு அறை வரை, உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். கேரளத்தில் ஹோம்ஸ்டே என்கிறார்கள். டயமண்ட், கோல்டு, சில்வர் என்று சுற்றுலாத் துறை தரம் பிரிக்கிறது.

காலைச் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் இடம் இல்லை என்பார். சுருக்கமாக: முதல் நாள் புட்டு, சிறுபயறு, பப்படம், மட்டிப்பழம். மட்டிப்பழம் விரல் நீளம்தான். அதைப் பிசைந்து புட்டோடு சேர்த்தால் சர்க்கரை வேண்டாம். இரண்டாம் நாள் ஆப்பமும் கடலையும். மூன்றாம் நாள் அவித்த மரச்சீனிக் கிழங்கும், அம்மியில் அரைத்த காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும். கிழங்கைக் கப்பை என்று கேரளத்திலும், மரச்சீனி என்று குமரி மாவட்டத்திலும் சொல்வார்கள். இந்த வீட்டில் வாத்தியார் கப்பை என்றார், அந்த அம்மா மரச்சீனி என்றார். நாற்பது ஆண்டு ஆகியும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

காரணம் இருக்கிறது. அந்த அம்மா பிறந்த வீடு நான்கு கி.மீ. தள்ளி, விளவங்கோட்டுப் பக்கம். அது தமிழ்நாடு.

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1956 வரை இதெல்லாம் ஒரே ராஜ்யம். மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கப் போராடியது. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. மாநிலச் சீரமைப்புக் கமிஷன் 1955-இல் அறிக்கை தந்தது. 1-11-1956-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும், எங்கள் செங்கோட்டையின் ஒரு பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரையும் கேட்கப்பட்டது, கிடைக்கவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும், இன்றும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. கல்லும் மரமும் ஆன அரண்மனைக்கு இப்படி ஓர் ஏற்பாடு செய்ய முடிந்தது. மனிதர் பேசும் மொழிக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை.

வாத்தியார் சொன்னார்: "நான் படிச்சது மலையாளம், படிப்பிச்சதும் மலையாளம். வீட்டுல பறஞ்சது தமிழ். எங்க அப்பா தமிழ்ப் பத்திரிகை வாசிப்பாரு. நான் கூட்டி எழுத்தா வாசிப்பேன். என் மோனுக்கு அதும் இல்ல." மகன் துபாயில். பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான், பதினொரு வயது. மலையாளமும் ஆங்கிலமும் சரளம், ஆச்சி பேசும் தமிழ் புரிகிறது, பதில் மலையாளத்தில். தலைவாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ஏதோ டிசைன்" என்றான். நம் வீட்டுப் பேரப்பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். நாம் பிழைப்புக்காக ஆயிரம் மைல் வந்தவர்கள், நம் பிள்ளைகள் மராத்தியும் இந்தியும் பேசுவதில் ஒரு நியாயம் உண்டு. இவர்கள் வீட்டை விட்டு ஓர் அடி நகரவில்லை. அன்று மாலை பேப்பரில் ஒன்று முதல் பத்து வரை தமிழ் எண்களை எழுதிக் கொடுத்தேன். எவ்வளவு நாள் வைத்திருப்பானோ தெரியாது.

மூன்றாம் நாள் இரவு மின்சாரம் போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா என் மனைவியிடம் ஒன்று சொன்னார். 2020 ஊரடங்கில் மாநில எல்லையை மூடியபோது பெரிய சாலையில் போலீஸ் நின்றது. சின்ன ஊடுவழிகளிலும் தடுப்பு வைத்தார்கள். அந்தச் சமயத்தில் அவருடைய அண்ணன் இறந்துபோனார். பாஸுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள். பாஸ் மறுநாள் வந்தது. அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. "கல்யாணம் கழிஞ்சு வந்ததிலிருந்து நடந்தே போயிட்டு வந்த வழியாக்கும். அன்னைக்குத்தான் அது வேற நாடுன்னு தெரிஞ்சுது" என்றார். அழவில்லை. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, சாயா போடட்டுமா என்று கேட்டார்.

நான்காம் நாள் பாலராமபுரம் போனோம். நெய்யாற்றின்கரை தாலுகாவில்தான் இருக்கிறது. அரசர் பாலராமவர்மா காலத்தில், அதாவது 1798-க்கும் 1810-க்கும் இடையில், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். உம்மிணித் தம்பி என்ற அதிகாரி முன்நின்று செய்தார். பின்னால் அவர் திவானும் ஆனார். குழித்தறியில் நெய்த கசவுச் சேலைக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. ஓணத்துக்குக் கேரளம் முழுவதும் உடுத்தும் அந்தச் சேலையைத் தமிழ் பேசும் வீடுகள் நெய்கின்றன. ஒரு தறியின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். கால் மிதிக்கும் தாளத்தில் நெசவாளர் பேசிய தமிழ் திருநெல்வேலி வாடையோடு இருந்தது. இருநூறு ஆண்டு! மும்பைத் தாராவியிலும் மாட்டுங்காவிலும் நாம் நூறு ஆண்டைத் தாண்டவே திணறுகிறோம். என் மனைவி ஒரு சேலை வாங்கினாள். விலையை இங்கே எழுத வேண்டாம் என்று உத்தரவு.

கிளம்புமுன் வாத்தியாரிடம் கேட்டேன், இந்த அறைகளை வாடகைக்கு விடுவதில் என்ன மிச்சம் என்று. கணக்குச் சொன்னார். ஓடு மாற்ற, மரத்துக்கு எண்ணெய் பூச, கரையான் மருந்து அடிக்க ஆண்டுக்கு ஆகும் செலவில் பாதிதான் வருகிறது. மீதி ஓய்வூதியத்திலிருந்து. புறவழிச் சாலை வந்தபின் நிலத்துக்கு நல்ல விலை கேட்கிறார்கள். பழைய மரம் வாங்குகிறவர்கள் வேறு வந்து போகிறார்கள். நாங்கள் இருந்தபோதே ஒருவர் வந்து, அந்த நெல் அறையை அப்படியே பிரித்து எடுத்துக்கொண்டு போய் ஏதோ ரிசார்ட்டில் பொருத்துவதாகச் சொன்னார். மகன் விற்கச் சொல்கிறாராம். "ஆள் வந்து தங்கினா வீட்டுல வெளிச்சம் எரியும். பூட்டின வீட்டைத்தான் கரையான் முதல்ல பிடிக்கும்" என்றார் வாத்தியார். இதில் பொறியியல் உண்மையும் இருக்கிறது. காற்றோட்டம் நின்ற வீட்டில் ஈரம் தங்கும், ஈரத்துக்குக் கரையான் வரும். செங்கோட்டையில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டின் சாவி என் தம்பியிடம் இருக்கிறது. அவன் சென்னையில் இருக்கிறான்.

போக விரும்பும் அன்பர்களுக்கு: நேத்ராவதி எக்ஸ்பிரஸில் திருவனந்தபுரம் இறங்கி, நாகர்கோவில் போகும் பாசஞ்சரில் பாறசாலைக்கு டிக்கெட் எடுங்கள், 30 கி.மீ. தூரம்தான். பஸ்ஸில் போனால் களியக்காவிளை வண்டி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் மழையில் ஓட்டு வீட்டின் சத்தம் பிடிக்கும் என்பவர்கள் அப்போதும் போகலாம். எந்த ஹோம்ஸ்டே ஆனாலும் வீட்டுக்காரர்கள் அங்கேயே இருக்கிறார்களா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது லாட்ஜ்தான். காலையில் என்ன வேண்டும் என்பதை முந்தின நாள் மாலையே சொல்லிவிட வேண்டும், பயறு ஊற வேண்டுமல்லவா! செருப்பைப் படியிலேயே விட்டுவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்குள்ளவர்களிடம் தமிழில் பேசுங்கள். முதலில் தயங்குவார்கள், இரண்டாவது சாயாவுக்குள் சரியாகிவிடும். வீட்டின் தொலைபேசி எண் வேண்டுவோர், மாதக் கூட்டத்துக்கு வரும்போது என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.